‘சிப்பு மாத்தியாச்சு’ என்று சொன்னால் பழைய சிப்பைக் கேட்டு வாங்குங்கள்

லேப்டாப் ஆன் ஆகிறது, விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை. இந்தக் கோளாறோடு கடைக்குக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே பழுதுக்கு நான் இரண்டு தடவை பணம் கொடுத்தேன். மாற்றிவிட்டதாகச் சொன்ன சிப்பை அவர்கள் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வேலை எத்தனையோ இடங்களில் நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் பெயரைவிட, அது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

2012இல் வாங்கிய லேப்டாப் அது. நான் பயன்படுத்தி, அப்புறம் தங்கை படிப்புக்குக் கொடுத்தது. கீபோர்டு ஒரு முறை, பேட்டரி ஒரு முறை, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒரு முறை என்று பார்த்துப் பார்த்து மாற்றி ஓட்டி வந்தோம். ஏழாவது வருஷத்தில் ஒரு நாள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் கோடு கோடாக வந்து அணைந்துவிட்டது.

கடையில் இருந்த பையன் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டான். “கிராஃபிக்ஸ் ஐசி, அதான் படம் காட்டுற சிப்பு, போயிடுச்சுண்ணா. புதுசு போட்டாத்தான் டிஸ்பிளே வரும்.”

“போட்டா தாங்குமா தம்பி?”

“புது ஐசிண்ணா. இனிமே பயமே இல்ல.”

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் திரை பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பில்லில் ‘போர்டு சர்வீஸ்’ என்று இரண்டே வார்த்தை (போர்டு என்பது உள்ளே சிப்களெல்லாம் பொருத்தியிருக்கும் பலகை). அதை அப்போது நான் கவனித்துப் படிக்கவில்லை.

இருபத்து மூன்றாவது நாள் மறுபடியும் அதே கோடு, அதே இருட்டு. திரும்பக் கொண்டுபோனேன். இந்தத் தடவை முதலாளியே வந்தார். “இது வேற கம்ப்ளைன்ட் சார். போர்டுல எங்கேயோ ஷார்ட் இருக்கு, அதனால புதுசா போட்ட ஐசியும் போயிடுச்சு” என்றார். எனக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியவில்லை. மறுபடியும் பணம் கட்டினேன். அது ஒன்பது நாள் ஓடியது.

“அப்பவே புதுசு வாங்கியிருக்கலாம்லண்ணா?” என்று தங்கை கேட்டாள். பணம் போனதைவிட இந்தக் கேள்விதான் என்னை வாட்டியது. ஒரு பொருளை முடிந்தவரை பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக, போர்டு வேலை மட்டுமே செய்யும் ஒரு டெக்னீஷியனிடம் போனேன். அவர் போர்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து, “நீங்களே வந்து பாருங்க சார்” என்று தன் நாற்காலியைக் கொடுத்தார்.

கறுப்புச் சதுரமாக ஒரு சிப். அதன் நான்கு மூலையிலும் சிவப்பாக ஒவ்வொரு சொட்டுப் பசை, காய்ந்த நெயில் பாலிஷ் மாதிரி. நான்கும் முழுசாக, கீறல்கூட இல்லாமல் இருந்தன. சிப்பைச் சுற்றி மட்டும் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது தடவும் பசை) தீய்ந்துபோய், பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது.

“அந்தச் சிவப்புப் பசை ஃபேக்டரியில வெச்சது. அதை அறுக்காம சிப்பைத் தூக்கவே முடியாது. இந்தச் சிப்பு பிறந்ததுலேருந்து இந்த இடத்தை விட்டு அசையல. மேல ஃப்ளக்ஸை ஊத்தி, சூடான காத்தை ஊதுற ஹாட் ஏர்ல சூடு காட்டியிருக்காங்க, அவ்வளவுதான்.”

எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. சில வருஷம் முன்பு ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றியபோது, எந்தத் திருகு எங்கே என்பது மறந்துவிடக் கூடாது என்று போர்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். சிப் மேல் 1231 என்று அச்சாகியிருந்தது, 2012ஆம் வருஷத்தின் 31ஆவது வாரம். மைக்ரோஸ்கோப்பின் கீழே இருந்த சிப்பிலும் அதே எண். தேதி ஒன்றாக இருப்பது மட்டும் போதாது, பழைய ஸ்டாக்கில் அதே வாரத்துச் சிப் கிடைக்கலாம் என்றார் அவர். ஆனால் அதன் கீழே இருந்த நீளமான லாட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. நான் இரண்டு தடவை பணம் கொடுத்த ‘புது ஐசி’ அதுதான்.

சரி, மாற்றாமலே எப்படி இருபத்து மூன்று நாள் ஓடியது? ஏமாற்று வேலை எடுபடுவதே இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிப் என்று நாம் பார்ப்பதற்குள் ஒரு சிலிக்கான் துண்டு, தன் அடித்தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) புள்ளிகளால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சூடானால் சிலிக்கான் குறைவாக விரியும், அடித்தட்டு அதிகமாக விரியும். ஆன் செய்து அணைக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த இழுபறி நடக்கிறது. வருஷக்கணக்கில் இழுபட்டு ஏதோ ஒரு புள்ளியில் விரிசல் விழுகிறது, திரை போய்விடுகிறது. அந்த நேரத்தில் மேலே பலமாகச் சூடு காட்டினால் விரிந்த இடம் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், படம் வரும். ஆனால் அது தொட்டுக்கொண்டிருக்கிறதே தவிர ஒட்டவில்லை. சில நாளோ சில வாரமோ கழித்துப் பழையபடி விட்டுவிடும். பையன் என்னிடம் பணம் வாங்கியது அந்தச் சில வாரத்துக்குத்தான்.

உலகம் முழுக்கத் தெரிந்த கோளாறு இது. 2008 ஜூலையில், கிராஃபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனமே, தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் சிலிக்கானையும் அடித்தட்டையும் சேர்க்கும் பொருள் பலவீனமாக இருந்ததென்று ஒப்புக்கொண்டு பெரிய தொகையை ஒதுக்கி வைத்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, சிவப்பு வளையம் காட்டிச் செத்துப்போன எக்ஸ்பாக்ஸ் 360 என்ற தன் கேம் பெட்டிக்கு மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டியது. அப்போது பலர் அந்தப் பெட்டியைத் துண்டால் சுற்றிச் சூடேற விட்டு உயிர் வரவழைத்தார்கள். அதுவும் கொஞ்ச நாள்தான் ஓடியது.

சூடு காட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கோளாறு அந்தச் சிப்பில்தான் என்று உறுதி செய்துகொள்ள நல்ல டெக்னீஷியன்களும் சூடு காட்டிப் பார்ப்பார்கள். “இது தாங்காது, சோதனைக்குத்தான்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்தால் அது நேர்மை. அதையே செய்துவிட்டுப் புது சிப்புக்கான பணத்தை வாங்குவது திருட்டு.

ஒழுங்காக மாற்றுகிறவர் என்ன செய்வார் என்றும் கேட்டேன். பசையை அறுத்து, சிப்பைத் தூக்கி, போர்டில் இருக்கும் பழைய சால்டரைத் துடைத்துச் சமப்படுத்தி, புது சிப்பை இம்மி பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். ஈயம் கலக்காத சால்டர் உருகுவதற்கு 217 டிகிரி வேண்டும், ஈயம் கலந்தது 183 டிகிரியிலேயே உருகிவிடும். மேலேயும் கீழேயும் அளவாகச் சூடு கொடுக்கும் மெஷின் இல்லாமல், கையில் ஒரு ஹாட் ஏரை வைத்துக்கொண்டு செய்தால் போர்டே வளைந்துவிடும். அந்தக் கடையில் அப்படி ஒரு மெஷினையே நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்த டெக்னீஷியன் போர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு விஷயமும் தெரிந்தது. 8 ஜிபி ரேம் இருந்த இடத்தில் 4 ஜிபிதான் இருந்தது. இரண்டு கட்டையில் ஒன்றைக் காணோம். எந்தத் தடவை எடுத்தார்கள் என்று இப்போது நிரூபிக்க வழியில்லை.

ஆகவே கொடுப்பதற்கு முன்பே அடிமூடியைக் கழற்றி உள்ளே போட்டோ எடுத்துவிடுங்கள். ரேம், எஸ்எஸ்டி மேல் இருக்கும் சீரியல் நம்பர் தெரியும்படி எடுங்கள். கழற்றத் தெரியாவிட்டால், கடைக்காரர் கழற்றும்போது பக்கத்தில் நின்று எடுங்கள். வேலையை ஆரம்பிக்கும் முன் நேராகவே கேளுங்கள்: “மாத்தப்போறீங்களா, சூடு பண்ணப்போறீங்களா?” மாற்றுவது என்றால் பழைய சிப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று அப்போதே சொல்லுங்கள். முடிந்த பிறகு கேட்டால் குப்பையில் போய்விட்டது என்பார்கள். பில்லில் சிப்பின் நம்பரும் எத்தனை மாத வாரண்டி என்பதும் இருக்கட்டும், ‘சர்வீஸ்’ என்ற ஒற்றை வார்த்தையை ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்கும்போது திரை வந்ததைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல் அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் ஒரு வீடியோவை ஓட்டுங்கள்.

பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காதீர்கள். திரை வருகிறதா என்று பார்க்க உங்கள் கோப்புகள் எதற்கு? டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக்கூடக் கொடுக்கலாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப்களில் இருந்த தனிப்பட்ட கோப்புகளை ஆறு இடங்களில் கடைக்காரர்கள் திறந்து பார்த்திருந்தார்கள், இரண்டு இடங்களில் நகலும் எடுத்திருந்தார்கள். போன் என்றால், சாம்சங், பிக்சல் போன்றவற்றின் புதிய மாடல்களில் இதற்கென்றே, உங்கள் கோப்புகளை மறைத்துவைக்கும் ஒரு மோடு இருக்கிறது (சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு). அதைப் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

நம் லேப்டாப் கதை என்னவாயிற்று என்றால், அந்த டெக்னீஷியன் புது சிப் போடவே வேண்டாம் என்றார். இந்த மாடலில் புராசசருக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் இருக்கிறது, கெட்டுப்போன சிப்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை வைத்தே ஓட்டலாம் என்றார். எல்லா மாடலிலும் இது நடக்காது, நமக்கு நடந்தது. கேம் ஆட முடியாது. தங்கைக்கு எழுதவும் படிக்கவும் வகுப்பு கேட்கவும் அது போதும். அவர் வாங்கிய கூலி, முந்தைய கடை ஒரு தடவை வாங்கியதில் பாதிகூட இல்லை.

2022இல் மட்டும் உலகம் தூக்கி எறிந்த மின்னணுக் குப்பை 62 மில்லியன் டன் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். அந்தக் குவியலில் இப்படி இரண்டு தடவை ஏமாந்து வெறுத்துப்போனவர்களின் லேப்டாப் எத்தனை இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். எங்களுடையதும் ஒரு நூலிழையில்தான் தப்பியது.

மைக்ரோஸ்கோப்பில் எடுத்த போட்டோவையும் பழைய போட்டோவையும் பிரிண்ட் போட்டுக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். முதலாளி நீண்ட நேரம் பார்த்தார். இரண்டாவது தடவை வாங்கிய பணத்தை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தார். முதல் தடவை வாங்கியதும் வரவில்லை, ரேமும் வரவில்லை. மேஜையில் வைத்த பணத்தை நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு அம்மா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வைத்து, “டிஸ்பிளே வரலப்பா” என்றார். பையன் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ஐசி போயிருக்கும்மா” என்றான்.

“பழைய ஐசியைத் திருப்பித் தருவாங்களான்னு கேளுங்கம்மா” என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்டார். பையன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி என் கையில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அந்த அம்மா லேப்டாப்பைத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.