லேடெக்ஸ் மெத்தை என்று வாங்கினேன், உள்ளே இருந்தது ஃபோம் துண்டு

பொங்கல் தள்ளுபடியில் கோவையில் ஒரு கடையில் 78க்கு 60, ஆறு அங்குல மெத்தை வாங்கினேன். 24,000 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவுக்கு வீசிங் உண்டு, அவருக்காகத்தான் வாங்கினேன். "நூறு பெர்சன்ட் நேச்சுரல் லேடெக்ஸ் சார், கேரளா ரப்பர்" என்றார் விற்பனையாளர். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

வீட்டில் பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததுமே நெடி மூக்கில் ஏறியது. லேடெக்ஸுக்கும் வாசனை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ரப்பர் பாலைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள், அதனால் புது பலூனை ஊதும்போது வருமே, அந்த மாதிரி லேசாக இருக்கும். இது பெயிண்ட் அடித்த அறையில் பழைய செருப்பைப் போட்டுப் பூட்டி வைத்த நெடி. கடைக்குப் போன் செய்தால், "ரப்பர் வாசனைதான் சார், ரெண்டு நாள்ல போயிடும். வெயில்ல போடுங்க" என்றார்கள். நிஜமான லேடெக்ஸை வெயிலில் போட்டால் அது காய்ந்து உதிர ஆரம்பிக்கும். லேடெக்ஸ் விற்கிறவருக்கு இது தெரியாதா என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது ஃபோம் மெத்தை நாறுவதை மட்டும் வைத்து அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தயாரிப்பில் மிஞ்சிய ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, காற்றோட்டமாக நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் சில நாளில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில் குறைந்துவிடும். நெடி அடிப்பதாலேயே விஷம் என்றும் இல்லை, வாசனையே இல்லாததால் பத்திரம் என்றும் இல்லை. நானும் அதனால்தான் பொறுத்தேன். மூன்று வாரம் ஆகியும் காலையில் எழுந்தால் கண் எரிச்சல், தலை பாரம். அப்பா இரண்டாம் நாளே ஹாலுக்குப் போய்விட்டார்.

எங்கள் தெருமுனையில் இலவம் பஞ்சு மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்தேன். முழங்கையால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். "தம்பி, மேல மட்டும் மெத்துன்னு இருக்கு, அடியில கட்டி கட்டியாத் தட்டுப்படுது. இது கட்டிங் வேஸ்ட்" என்றார். கவரைப் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். போனால் போகட்டும் என்று கால்மாட்டுத் தையலை பிளேடால் நாலு விரல் அகலம் பிரித்தோம். மேலே ஓர் அங்குலத்துக்கு வெளிர் மஞ்சளில், வரிசையாகத் துளைபோட்ட லேடெக்ஸ். அதற்குக் கீழே ரோஸ், நீலம், பச்சை என்று ஃபோம் துண்டுகளை ஒட்டி இறுக்கியிருந்தார்கள். ஒரு துண்டில் கறுப்பு ரெக்சின் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, ஏதோ சோஃபாவின் மிச்சம் போல.

இதற்கு ரீபாண்டட் என்று பெயர். ஃபோம் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைப் பசை போட்டு, நீராவியில் அழுத்திச் செய்வது. அழுத்துவதால்தான் அந்தக் கனம். ரீபாண்டட் என்றே சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. லேடெக்ஸ் விலைக்கு விற்றதுதான் திருட்டு.

"சர்டிபிகேட் இருக்கே சார்" என்று கடைக்காரர் வாதாடினார். இருந்தது. கவரில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 லேபிள், தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் சான்று. லேபிள் எண்ணை ஓகோ-டெக்ஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், சான்றிதழ் மேல் துணிக்கு மட்டும். உள்ளே இருப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பாலியூரித்தேன் ஃபோமுக்குச் செர்டிபூர், ஆர்கானிக் லேடெக்ஸுக்குக் கோல்ஸ் என்று தனித்தனிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. மெத்தையில் ஒரு லேபிள் தொங்கினால், அது துணிக்கா, உள்ளே இருப்பதற்கா என்று கேளுங்கள்.

அப்புறம் பில்லை எடுத்துப் பார்த்தேன். "மெத்தை 78x60x6 – 1" என்று இருந்தது, அவ்வளவுதான். லேடெக்ஸ் என்ற சொல்லே இல்லை. நல்லவேளை, வாங்குமுன் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் "நேச்சுரல் லேடெக்ஸ்" என்று இருக்கிறது. அதையும், பிரித்த தையலின் படங்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடைக்காரர் பாதிப் பணமும் இரண்டு தலையணையும் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதற்கிடையில் வேறு இரண்டு கடைகளில் விசாரித்தேன். "உள்ளே என்ன இருக்கிறதென்று பில்லில் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். ஒருவர் சிஸ்டத்தில் அந்த வசதி இல்லை என்றார். இன்னொருவர், முதலாளி வந்ததும் கூப்பிடுகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டார். பத்து நாளாகிறது.