தம்பியின் பல்லும் கனடிய பல் பராமரிப்புத் திட்டமும்: ஒன்றரை வருட அனுபவம்

என் தம்பிக்கு 46 வயது. வலிப்பும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சின்ன வயதிலிருந்தே உண்டு. பேச்சு மிகக் குறைவு. பல்லுக் கொதி வந்தால் "பல்லு நோகுது" என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. இடது கன்னத்தில் தானே அறைவான். பிட்டைத் தள்ளிவிட்டுக் கஞ்சி மட்டும் குடிப்பான். 2019இல் மூன்று கிழமை அப்படி அறைந்துகொண்டிருந்தான். நாங்கள் காதுக் குத்து என்று நினைத்துக் காதுக்கு மருந்து விட்டோம். கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்த இரவு எமர்ஜென்சிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே அன்ரிபயோட்டிக்கும் நோ மாத்திரையும் தந்து, "பல் வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பினார்கள். கொடுப்புப் பல் இரண்டு உள்ளுக்குள் அழுகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று கிழமையும் அவன் பட்ட வேதனையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நித்திரை வராது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்களைப்போல மாற்றுத்திறனாளி ஒருவரையும் வயதான தாயையும் வைத்திருக்கிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல் காப்புறுதி இல்லாதவர்களின் பல் வைத்தியச் செலவுக்கு மத்திய அரசு காசு கொடுக்கும் கனடிய பல் பராமரிப்புத் திட்டத்தை, எல்லாரும் சிடிசிபி என்று சொல்வதை, எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர் பாவிக்கிறோம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று எதற்கென்று கீழே சொல்கிறேன்.

கனடாவில் வைத்தியம் இலவசம் என்று கேள்விப்பட்டு வந்தவர்களுக்குப் பல் ஒரு பெரிய அதிர்ச்சி. 1966இல் வந்த மருத்துவச் சட்டத்திலும் சரி, 1984இன் கனடா சுகாதாரச் சட்டத்திலும் சரி, ஆஸ்பத்திரிக்குள் செய்யவேண்டிய பல் சத்திரசிகிச்சையைத் தவிர வேறு பல் வைத்தியம் சேரவில்லை. வேலையிடத்தில் காப்புறுதி இருந்தால் அதற்குள் பல் வைத்தியமும் இருக்கும். பேக்கரியில் வேலை செய்கிற எனக்கு அது இல்லை. தம்பிக்கு ஒன்ராறியோ மாகாண அரசு மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற ஓடிஎஸ்பி உதவி இருந்தது, அதற்குள் அடிப்படைப் பல் வைத்தியமும் இருந்தது. ஆனால் ஓடிஎஸ்பி கொடுக்கிற கட்டணம் பல் வைத்தியர் சங்கத்தின் வழக்கமான கட்டணத்தைவிட நல்லாய்க் குறைவு. ரெலிபோனில் "ஓடிஎஸ்பி" என்று சொன்னவுடன் "புது ஆட்களை எடுக்கிறதில்லை" என்ற பதில் எனக்கு ஒரே கிழமையில் ஆறு இடத்தில் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நோயாலோ குடிக்கிற மருந்தாலோ பல் கெடுகிறவர்களுக்கு ஓடிஎஸ்பிக்குள்ளேயே விசேட பல் பராமரிப்பு என்று கூடுதல் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தம்பி இருபது வருசமாகக் குடித்தது பினிற்றோயின் என்ற வலிப்பு மருந்து. அது முரசை (பல் ஈறை) வளரச் செய்யும் மருந்து. அவனுடைய முன்பற்களில் பாதியை முரசு மூடிவிட்டது. அந்த ஏற்பாட்டுக்கு முழுக்கப் பொருத்தமான ஆள் அவன். அப்படியிருந்தும் அது இருக்கிறதென்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் வலிப்பு மருந்தோ, வாயை வறளப்பண்ணும் மனநல மருந்தோ குடிக்கிறவர்கள் இருந்தால் பல் வைத்தியரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

சிடிசிபி 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வயது கூடியவர்களிலிருந்து படிப்படியாக எடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது 77. 2024 ஜனவரியில் கடிதம் வந்தது, அதிலிருந்த இலக்கத்தை வைத்து ரெலிபோனிலேயே விண்ணப்பித்தோம். அம்மா பக்கத்தில் இருந்து, "பிள்ளை, பிறகு காசு கேப்பினமோ?" என்று மூன்று தரம் கேட்டா. சிகிச்சை 2024 மே 1இல் தொடங்கியது.

தம்பியின் கதை வேறு. 18 முதல் 64 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு 2024 ஜூன் கடைசியில் கதவு திறந்தது. ஆனால் அந்தக் கதவின் திறப்பு (சாவி) ஓடிஎஸ்பி இல்லை. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி வரிச்சலுகைச் சான்றிதழ்தான் திறப்பு. குடும்ப வைத்தியர் ரி2201 என்ற படிவத்தை நிரப்பி, வருமான வரித் திணைக்களம் ஏற்றுக்கொள்ள வேண்டும். தம்பிக்கு அதை முன்னமே எடுத்து வைத்திருந்தோம். எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியில் இருக்கிற அண்ணைக்கு முதுகு முறிந்து ஓடிஎஸ்பி எடுக்கிறார், வயது 57. அவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. மற்றப் பெரியவர்களுக்குத் திறந்த 2025 மே வரை, ஒரு பக்கத்தால் மட்டும் சப்பிக்கொண்டு காத்திருந்தார். மாகாண அரசு ஒருவரை மாற்றுத்திறனாளி என்று ஏற்று மாதாமாதம் உதவி கொடுக்கிறது. மத்திய அரசு அதே மனிதரிடம் வேறொரு சான்றிதழ் கேட்டது. நான் குறைத்த ஒரு புள்ளியில் பாதி இதற்கு.

விண்ணப்பிக்கிறபோது எங்களைப் பயப்படுத்திய விசயங்கள் சில. முதலாவது வருமானம். சரிசெய்த குடும்ப நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைய இருக்கவேண்டும். குடும்பம் என்பது நீங்களும் உங்கள் துணையும் மட்டும். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதால் என் சம்பளம் தம்பியின் கணக்கிலோ அம்மாவின் கணக்கிலோ வராது. 70,000க்குக் கீழே என்றால் திட்டம் தன் கட்டண அளவில் முழுவதையும் கொடுக்கும். 70,000 முதல் 79,999 வரை 40 வீதமும், 80,000 முதல் 89,999 வரை 60 வீதமும் நாங்கள் போடவேண்டும். இரண்டாவது, ஓடிஎஸ்பி இருந்தால் இது கிடைக்காது என்று ஊரெல்லாம் கதை. அது பிழை. அரசு உதவித் திட்டங்களில் பல் இருந்தாலும் சிடிசிபி கிடைக்கும், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். வேலையிடத்துப் பல் காப்புறுதி இருக்கிறவர்களுக்கும், எடுக்க வாய்ப்பிருந்தும் வேண்டாம் என்று விட்டவர்களுக்கும்தான் கிடைக்காது. மூன்றாவதுதான் எங்கள் ஆட்கள் நிறையப்பேர் விழுகிற குழி: வருமானம் ஒன்றுமில்லை என்று வரி நிரப்பாமல் விடுவது. வரி நிரப்பாவிட்டால் இந்தத் திட்டம் இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரி நிரப்பிக் கொடுக்கும் முகாம்கள் ஒவ்வொரு வருசமும் நடக்கின்றன. அம்மாவுடையதை அங்கேதான் செய்வித்தேன்.

அட்டை சன் லைஃப் நிறுவனத்திடமிருந்து தபாலில் வரும். அரசாங்கத்துக்காகக் கணக்குப் பார்ப்பது அவர்கள்தான். கூட வருகிற கடிதத்தில் தொடங்கும் திகதி போட்டிருக்கும். அதற்கு முதல் செய்த வேலைக்கு ஒரு சதமும் திரும்பி வராது.

இனி அம்மாவின் முதல் அனுபவம். வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். பல் துப்புரவாக்கி, படம் எடுத்து, சூத்தைப்பல் ஒன்றை அடைத்துவிட்டு, வெளியே வரும்போது 84 டொலர் கட்டச் சொன்னார்கள். அம்மாவின் முகம் சுருங்கிப் போச்சுது. "நான் சொன்னனான்தானே" என்று மட்டும் சொன்னா. பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் ஒன்றும் கதைக்கவில்லை.

நடந்தது இதுதான். திட்டத்துக்கு என்று ஒரு கட்டணப் பட்டியல் இருக்கிறது. கிளினிக்கின் கட்டணம் அதைவிடக் கூட இருந்தால், மிச்சத்தை அவர்கள் எங்களிடம் கேட்கலாம். வருமானம் 70,000க்குக் கீழே இருந்தாலும் கேட்கலாம். சட்டப்படி பிழையில்லை. ஆனால் கதிரையில் இருத்துவதற்கு முதல் அதைச் சொல்லவேண்டும், அன்றைக்குச் சொல்லவில்லை. முதியோர் உதவிப்பணத்தில் வாழ்கிற ஒரு மனுசிக்கு 84 டொலர் என்பது ஒரு கிழமை மரக்கறியும் மீனும். புள்ளியின் மற்றப் பாதி இதற்கு.

அதற்குப் பிறகு எந்தக் கிளினிக்கை எடுத்தாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்: "சிடிசிபி கொடுக்கிற காசை முழுக்காசாக எடுப்பீர்களா, மிச்சம் கேட்பீர்களா?" 2024 ஜூலை 8இலிருந்து, திட்டத்தில் பதியாத பல் வைத்தியரும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாக நேரே கணக்கு அனுப்பலாம் என்று மாற்றினார்கள். அதனால் "நாங்கள் பதியவில்லை" என்று யாராவது சொன்னால் அது கதையின் முடிவு இல்லை. மிச்சக்காசு கேட்காத ஒரு கிளினிக் ஐந்தாவது அழைப்பில் கிடைத்தது. அம்மாவின் மேல்வரிசைக் கட்டுப்பல்லை அங்கேதான் செய்தோம். பழையது கதைக்கும்போது கழண்டு விழும். புதியது இருக்கிற இடத்தை விட்டு அசையவில்லை.

தம்பிக்கு அந்த ஒரு கேள்வி காணாது. இரண்டாவது கேள்வி: "அமைதியாக இருக்கமாட்டாத ஆளைப் பார்ப்பீர்களா?" நாலு இடத்தில் இல்லை என்றார்கள். ஒரு இடத்தில் கதிரை வரைக்கும் கொண்டுபோனபின், அவன் கையைத் தட்டிவிட்டதும், "எங்களுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அட்டை சட்டைப்பையில் இருந்தது. பல் வாய்க்குள் அழுகிக்கொண்டிருந்தது. துப்புரவாக்குகிற வேலையைப் பதினைந்து நிமிசத் துண்டுகளாக எண்ணித்தான் காசு கொடுக்கிறார்கள். அவன் அந்தக் கதிரையில் ஏறி இருக்கவே நாற்பது நிமிசம் வேண்டும். அதைக் கணக்கில் பிடிக்காத எந்தத் திட்டமும் அவனைப்போன்ற ஆட்களுக்கு அரைவாசிதான் வந்துசேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியில் ஒரு தமிழ்ப் பல் வைத்தியர் கிடைத்தா. முதல் நாள் அவனைக் கதிரையில் இருக்கச் சொல்லவே இல்லை. கதிரையை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினா. இரண்டாம் நாள் அவனுடைய சொந்தப் பிரஷைக் கொண்டுவரச் சொல்லி, அதாலேயே முன்பல்லைத் தேய்த்தா. "அண்ணா, ஆ எண்டு காட்டுங்கோ, நான் எண்ணப்போறன்" என்று பத்துவரை எண்ணினா. பத்தில் கையை எடுத்துவிடுவா, ஒருநாளும் பதினொன்றுக்குப் போகவில்லை. மூன்றாம் தரம் துப்புரவாக்கினா. பினிற்றோயினைப் பற்றி நரம்பு வைத்தியருடன் கதையுங்கள் என்று முதன்முதலில் சொன்னதும் அவதான். மருந்தை மெல்ல மெல்ல மாற்றினார்கள், முரசு இப்போது வற்றி வருகிறது.

உடைந்த பற்களைக் கழற்ற ஆழ்ந்த மயக்கம் வேண்டியிருந்தது. அதற்குத் திட்டத்தின் முன் அனுமதி வேண்டும். பல்லுக்கு மேலே தொப்பிபோலப் போடும் கிரவுண் போன்றவற்றுக்கும் அப்படித்தான். இந்த முன் அனுமதி முறை 2024 நவம்பரில் தொடங்கியது. கிளினிக்தான் படங்களோடு விண்ணப்பம் அனுப்பும், வீட்டார் செய்ய ஒன்றுமில்லை. எங்களுக்கு ஐந்து கிழமையில் சம்மதம் வந்தது. ஒரே அமர்வில் இரண்டு பல் கழற்றி மூன்று அடைத்தார்கள். எங்கள் கையால் ஒரு சதமும் போகவில்லை. இம்பிளான்ற் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்), பல் வெள்ளையாக்குவது போன்றவை திட்டத்தில் இல்லை, கழற்றிய இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

கன்னத்தில் அறைகிறது நின்று பத்து மாதம். இப்போது பிட்டோடு பொரியலும் கேட்கிறான்.

எனக்குச் சொந்தமாக 2025 ஜூனில் அட்டை வந்தது. பதினொரு வருசத்துக்குப் பிறகு முதல்தரம் பல் துப்புரவாக்கினேன். என் கதை அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கவேண்டும். திட்டத்தின் வருசம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இடைவெளி வராமல் இருக்க ஜூன் 1க்குள் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அதற்கு முந்தின வருச வருமானத்துக்கான வரியை முதலே நிரப்பி, வருமான வரிக் கணிப்புக் கடிதம் கையில் இருக்கவேண்டும். மார்ச்சிலேயே அம்மாவையும் தம்பியையும் வரி முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். தம்பிக்கு அடுத்த தவணை ஜனவரியில், காலை பத்து மணிக்கு, மருந்து குடித்து ஒரு மணித்தியாலம் கழித்து. பிரஷையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறா.