வீட்டுக்கான நோட்டிஸைக் கண்டவரிடமும் எழுதக் கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, இப்போது திரும்பக் கேட்க இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். என் அம்மாவுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாயும் நாலு மாதமும் போய்விட்டன.

பாலையூற்றில் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு. மூன்று வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது. நல்ல சனம், வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவானதால் வீடு தேவைப்பட்டது, அவ்வளவுதான். யாரோ சொல்லி அம்மா நகரில் ஒருவரைப் பிடித்தார். முன்பு சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்காக இருந்தவராம். “அக்கா, முப்பது நாளில வீடு உங்கட கையில” என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 12 அன்று நோட்டிஸ் அடித்தார். ஏப்ரல் 12க்குள் வெளியேற வேண்டுமாம். வீட்டின் வரி இலக்கத்துக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டின் இலக்கம். அதைத் தானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தார், வாங்கியதற்கு ஒரு கையெழுத்தும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பத்தின் சட்டத்தரணியிடமிருந்து பிழைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. அதோடு நோட்டிஸ் எழுதியவரிடம் ஓடிப்போனால், “பழைய திகதி போட்டு இன்னொண்டு அடிப்பம். சரிவராட்டி கரண்டை வெட்டுங்கோ, தானாப் போவினம்” என்கிறார்! அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு இருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு பதறியது.

அப்புறம்தான் உண்மையான ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் சொன்னதை விளங்கிய அளவில் எழுதுகிறேன். எங்கள் இரண்டு வருட ஒப்பந்தம் வெறும் கடதாசியில் இரு தரப்பும் போட்ட கையெழுத்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன் சாட்சிகள் இருவருடன் எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் சட்டம். அதனால் எங்களுடையது மாத வாடகைதான். மாத வாடகைக்கு, முப்பது நாளை எண்ணி நடு மாதத்தில் முடிக்க முடியாது. முழுதாக ஒரு மாதம் கொடுத்து, வாடகை மாதம் முடியும் நாளில் முடிய வேண்டும். இந்த நோட்டிஸை வைத்து வழக்குப் போட்டிருந்தால் கோட்டில் அதுவே எங்களுக்கு எதிராக நின்றிருக்கும். அதோடு 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பொருந்துகிற வீடு என்றால் நோட்டிஸ் மட்டும் போதாது, சட்டம் ஏற்கிற காரணமும் வேண்டும். அதை முதலில் பார்க்க வேண்டும் என்று வீட்டின் உறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அந்த ஆள் உறுதியைக் கேட்கவே இல்லை.

நோட்டிஸ் கொடுத்த பிறகும் அம்மா வழமைபோல வாடகை வாங்கி ரசீது எழுதியிருந்தார். நோட்டிஸைக் கைவிட்டதாக அதைக் காட்டி வாதாடலாமாம். இது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

கரண்ட் கதையைக் கேட்டதும் சட்டத்தரணி கோபப்பட்டார். கோட்டுக் கட்டளை இல்லாமல் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றினால், இரண்டு மாதத்துக்குள் அவர் பொலிஸுக்குப் போய் விஷயம் கோட்டுக்கு வந்தால், அவரையே திரும்ப உள்ளே இருத்தக் கட்டளை வரலாம். பழைய திகதி போட்டிருந்தால் அது பொய் ஆவணம், அம்மாதான் கூண்டில் ஏறியிருப்பார்.

பழையதைத் திருத்தாமல் புது நோட்டிஸ் எழுதினோம். சரியான வரி இலக்கம், வாடகைக்காரரின் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், ஆகஸ்ட் 31 முடிய வெளியேற வேண்டும் என்ற திகதி. ஜூலை 24 பதிவுத் தபாலில் போட்டு, தபால் கந்தோர் துண்டைப் பிரதியோடு குத்தி வைத்திருக்கிறோம். வருமானம் குறைந்தவர்கள் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போய்க் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர்களும் போகலாம்.

காசைக் கேட்டு அந்த முதல் ஆளிடம் மூன்று தடவை போனேன். “எழுதின கூலி எழுதினதுதான், தம்பி” என்றார். அவர் வாங்கியதற்கு ஒரு ரசீதுகூட எங்களிடம் இல்லை.