கடலோரக் குளிர்கால ஹவுஸ்சிட்டிங்: வாடகை இல்லை, வேலை நிறைய

குளிர்காலம் நெருங்கினால் ஹவுஸ்சிட்டிங் தளங்களில் கடலோர வீடுகள் வரிசையாக வந்து விழும். ஜன்னலுக்கு வெளியே கடல், உள்ளே எரியும் கணப்பு, அதன் முன்னால் சுருண்டு படுத்த நாய் என்று படங்கள். ஏற்பாடும் எளிது. வீட்டுக்காரர் வெளியூர் போகிறார், வருகிறவர் வீட்டையும் பிராணியையும் பார்த்துக்கொள்கிறார். வாடகையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. 2010-இல் தொடங்கிய டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்கள் இரு தரப்பிடமும் ஆண்டுச் சந்தா வாங்கி இணைத்து வைக்கின்றன. நகரத்து அடுக்ககத்துக்கு இந்தச் சேவை நன்றாகவே பொருந்துகிறது. பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாத கடற்கரையில், அதுவும் குளிரில், பாதிதான் பொருந்துகிறது.

நாயின் வயது, மருந்து, நடை நேரம் எல்லாம் விளம்பரத்தில் இருக்கும். வீடு எதில் சூடாகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரண்ட் போனால் எதெல்லாம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் காணோம். பழைய விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு மாதத்தைப் பாருங்கள். ஜூலையில் தங்கியவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் ஜனவரிக்குச் செல்லாது.

வீட்டுக்காரர் ஆள் தேடுவதற்கு நாய் மட்டுமே காரணம் இல்லை. 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பல வீட்டுக் காப்பீடுகள் பாதுகாப்பைக் குறைத்துவிடும். குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓட வேண்டும், இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு. ஹவுஸ்சிட்டர் வருவது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியுமா, எத்தனை இரவு வெளியே தங்கலாம் என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது தண்ணீர். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளக்கும். ஐஸே அடைப்பாக நிற்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. உருகிய பிறகுதான் கூரை ஒழுகும். மெயின் வால்வு எங்கே என்று கேட்டால் போதாது, வீட்டுக்காரர் முன்னாலேயே ஒருமுறை மூடித் திறந்து பார்க்க வேண்டும். பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். ஆளில்லாத அறைகளையும் 12 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். கடுங்குளிர் இரவில் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். குழாய் உறைந்தே விட்டால் மெயினை மூடி, டேப்பைத் திறந்து, டேப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஹேர் டிரையரால் சூடாக்க வேண்டும். அப்போதுதான் உருகும் நீருக்கு வெளியேற வழி இருக்கும். நெருப்பைக் கொண்டுபோய்க் காட்டக் கூடாது.

கரண்ட் போனால் போர்வெல் மோட்டார் நிற்கும், தண்ணீரும் போச்சு. எண்ணெயில் ஓடி வீட்டைச் சூடாக்கும் பாய்லர் தப்பிக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் பற்றவைப்புக்கும் பம்புக்கும் மின்சாரம்தானே வேண்டும்? புயல் எச்சரிக்கை வந்ததுமே குளியல் தொட்டியை நிரப்பிவிடுங்கள், ஒரு ஃபிளஷுக்கு 6 முதல் 8 லிட்டர் போகும். திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஜெனரேட்டர் இருந்தால் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். வெளியே நிற்கும் கேஸ் சிலிண்டர் பியூட்டேனா புரொப்பேனா என்றும் பாருங்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும்.

படத்தில் மயக்கும் விறகுக் கணப்புதான் அதிகம் ஏமாற்றுவது. ‘விறகு நிறைய இருக்கிறது’ என்று எழுதியிருப்பார்கள். காய்ந்த விறகா என்பதுதான் கேள்வி. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரப்பதம் அளக்கும் மீட்டரை வெளிப்பட்டையில் குத்தினால் பொய் சொல்லும்; கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டக்’கென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று அடங்கும். அடுப்பில் வைத்ததும் கட்டையின் நுனியில் நுரை கொப்பளித்து, உஸ்ஸென்று சத்தம் வந்து, கண்ணாடி கருத்தால் அது ஈர விறகு. அதன் புகை புகைபோக்கிக்குள் தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். இரவு முழுக்கத் தணல் இருக்கட்டும் என்று காற்று வழியை மூடுவதும் இதே கதைதான், கார்பன் மோனாக்சைடு ஆபத்து கூடுதல். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்திப் பாருங்கள். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடையில் கொட்டவே கூடாது.

ஈரம் வாங்கும் டீஹியூமிடிஃபையர் இருந்தால் எந்த வகை என்று கவனியுங்கள். 15 டிகிரிக்குக் கீழே கம்ப்ரஸர் வகை தள்ளாடும், சுருளில் பனி கட்டிக்கொள்ளும். குளிர்ந்த வீட்டுக்கு, ஈரத்தை உறிஞ்சும் பொருளால் வேலை செய்யும் டெசிகன்ட் வகைதான், மின்சாரம் மட்டும் கொஞ்சம் அதிகம் குடிக்கும்.

நாய் நடைக்கு, கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை அவசியம். இரண்டு உச்ச நீருக்கு இடையே பல கடற்கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் ஏறும். அட்டவணைக்குத் தெரியாத ஒன்று காற்றழுத்தம். அதை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 1013-லிருந்து 970-க்கு இறங்கும் புயலில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல், காற்று தள்ளுவது தனிக்கணக்கு. பாறைக்கும் கடலுக்கும் நடுவே போகும் குறுக்கு வழி அன்றைக்கு வழியே இல்லை.

வெளிநாடு என்றால் இன்னொன்று: சம்பளம் இல்லாவிட்டாலும் இதை வேலையாகக் கருதி, சுற்றுலா விசாவில் வந்தவரைத் திருப்பி அனுப்பும் நாடுகள் உண்டு.

எங்கள் மதிப்பு 5-க்கு 3. பிராணிக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்ப்பதில் தளங்களுக்கு முழு மார்க், வீட்டைப் பற்றிச் சொல்வதில் பாஸ் மார்க் தேறாது. வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முந்தைய நாளே வரச் சொல்லி, ஒரு இரவு உடனிருந்து காட்டினால் ஒத்துக்கொள்ளலாம். ‘சாவி பூந்தொட்டிக்கு அடியில்’ என்பவரிடம் வேண்டாம். திரும்பும் டிக்கெட்டை அவர் வந்து சேரும் நாளுக்கே போடாதீர்கள். படகில் போகும் இடம் என்றால் குளிர்காலப் படகுகள் புயலில் நிற்கும், இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.