தூங்கிப்போகும் லென்ஸ்: பிரிட்ஜ் கேமராவோடு சில வருடங்கள்

நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். “தோட்டத்துக்கு வர்ற குருவி, பூச்சி, அப்புறம் ஊர் சுத்தப் போற இடத்துல கண்ணுல படுறது, எல்லாத்துக்கும் ஒரே கேமரா போதும்ணே. உங்ககிட்ட இருக்கிற மாடல் விலை இறங்கியிருக்கு. வாங்கிடட்டுமா?” என்னுடையது அப்போதுதான் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தது. அந்தச் சூட்டில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். அது நியாயமான பதில்தானா என்று அவர் யோசித்துக்கொள்ளட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது பிரிட்ஜ் கேமரா: கழற்ற முடியாத லென்ஸ், 24 முதல் 1200 மி.மீ.க்கு இணையான 50 மடங்கு ஜூம் (அகலக் காட்சியிலிருந்து வெகுதொலைவு வரை), 1/2.3 அங்குலச் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு). இந்த வகைக் கேமராவைப் பற்றி இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய கேமராக்களில் இருக்கும் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான் இதில் இருக்கிறது. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். 1200 மி.மீ. எட்டும் லென்ஸை ஒரு தோள்பையில் போட்டு ரயிலேற வேண்டுமென்றால் அதற்கான விலை இது.

என்னால் இன்றுவரை சகிக்க முடியாதது வேறு. இந்தக் கேமரா தூங்கிவிடும். சும்மா வைத்திருந்தால் சில நிமிடங்களில் அணைந்துபோகும். அணையும்போது நீட்டியிருந்த லென்ஸ் முழுவதும் உள்ளே போய்விடும். மறுபடி எழுப்பினால் 24 மி.மீ.யில்தான் கண் விழிக்கும். அங்கிருந்து ஜூம் லீவரைப் பிடித்துக்கொண்டு 1200 வரை போக நாலைந்து விநாடி. எடுத்த படத்தைப் பார்க்கலாம் என்று பிளேபேக்கை அழுத்திக் கொஞ்சம் நிதானித்தாலும் இதே கதைதான். மெனுவில் தூங்கும் நேரத்தைக் கூட்டலாம், ஆனால் ‘தூங்கவே வேண்டாம்’ என்று ஒரு தேர்வு கிடையாது. விட்ட ஜூமிலேயே விழித்துக்கொள் என்றும் சொல்ல முடியாது. பேட்டரியும் லென்ஸ் மோட்டாரும் வீணாகக்கூடாது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. அது எனக்குப் புரிகிறது. ஆனால் பறவை எடுப்பதற்கென்றே விற்கும் கேமராவில் அதை முடிவு செய்யும் உரிமையை வாங்கியவனிடம் விட்டிருக்க வேண்டும்.

ஓர் ஐப்பசி காலை. இரவெல்லாம் மழை. வாழைக்கு அடியில் நனைந்த சருகில் ஏதோ கிளறுகிற சத்தம். பார்த்தால் ஆறுமணிக்குருவி. வடக்கே இனப்பெருக்கம் முடித்துத் தெற்கே வரும் பறவை. இரவில் பறந்து, களைத்து, விடியும்போது எந்தத் தோட்டம் கிடைக்கிறதோ அங்கே இறங்கிவிடும். நம் ஊர்களில் வீட்டுக் கொல்லையில் இதைப் பார்ப்பதென்றால் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். கண்ணை இழுத்துக் கட்டினாற்போல் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, சிறகில் மின்னும் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒரு சருகைப் புரட்டும், இரண்டு தாவல் தாவும், நின்று கேட்கும். நான் ஜன்னல் கம்பியில் கேமராவைச் சாய்த்து ஜூமை நீட்டித் தயாராக நின்றேன். குருவி மண்மேட்டுக்குப் பின்னால் போனது. காத்திருந்தேன். அது வெளியே வந்து, வாயில் மண்புழுவோடு வெயில் விழுந்த இடத்தில் அப்படியே நின்ற நேரத்தில் திரை கறுப்பாக இருந்தது. லென்ஸ் உள்ளே போயிருந்தது. எழுப்பி நீட்டி முடிப்பதற்குள் மதிலைத் தாண்டிவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சரி, இவ்வளவு கோபம் இருந்தும் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? அதற்குக் காரணம் தனியாக வாங்கிய ஒரு சின்னக் கண்ணாடி.

ரேனாக்ஸ் டிசிஆர்-250. உள்ளங்கையில் அடங்கும் +8 டயாப்டர் (லென்ஸின் திறன் அளவு) குளோசப் லென்ஸ். கூடவே வரும் பிடிப்பானின் இரண்டு பக்கத்தையும் அமுக்கினால் 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள எந்த ஃபில்டர் மரையிலும் (லென்ஸ் முனையில் உள்ள திருகு விளிம்பு) கப்பென்று உட்கார்ந்துகொள்ளும். இதை மாட்டியதும் நீண்ட ஜூமுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. பொருளிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. தள்ளி நின்றால் ஃபோகஸ் கிடைக்கும். அங்கிருந்து நகராமல் ஜூமைக் கூட்டக் கூட்டப் பூச்சி பெரிதாகிக்கொண்டே வரும். 600 மி.மீ. அளவில் 7 மி.மீ. அகலமுள்ள இடம் படம் முழுக்க நிறைந்துவிடும். ஒரு புளியங்கொட்டைகூட அதில் அடங்காது. இங்கேதான் சின்னச் சென்சார் கைகொடுக்கிறது. பெரிய கேமராக்காரர்கள் ஈயின் கண்ணும் சிறகும் ஒன்றாகத் தெளிவாக வேண்டும் என்று எஃப்/16, எஃப்/22 என அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) சுருக்கி வெளிச்சத்துக்குத் தவிப்பார்கள். எனக்கு எஃப்/4லேயே அந்த ஆழம் கிடைத்துவிடுகிறது. கேமராவின் ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை ஒட்டிக்கொண்டால் போதும், வெளிச்சமும் மெத்தென்று விழும்.

மாமரத்தில் முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) கட்டிய இலைக்கூட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒன்று மட்டும் நடையில் வேறாகத் தெரிந்தது. முசுறு நிற்காமல் ஓடும், இது இரண்டடி ஓடி நின்று யோசித்தது. ஜூமைக் கூட்டினேன். தலையில் ஆடிய இரண்டும் உணர்கொம்பு இல்லை, தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். மொத்தம் எட்டுக் கால். முகத்தின் நடுவே இரண்டு பெரிய கண்கள் என்னையே பார்த்தன. முசுறைப் போல வேடமிட்டு அதன் பக்கத்திலேயே வாழும் குதிக்கும் சிலந்தி அது. ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் நீண்டு, ஒரு முசுறு இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போவதுபோல இருக்கும். நான் பார்த்தது ஆண். கடிக்கும் முசுறைப் பல உயிர்கள் தொடாது என்பதால் இந்த வேடமே அதற்குக் காவல். எத்தனை முறை அந்த மரத்தடியில் நடந்திருப்பேன்! வெறும் கண்ணுக்கு அது எறும்பாகவேதான் இருந்திருக்கும்.

அதன் பிறகு தோட்டத்தில் எதையும் சும்மா கடக்க முடிவதில்லை. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல ஒட்டியிருந்த புழு, வளர்ந்து பச்சையாகி, இலையைத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி வாடை அடித்ததுகூட இந்தக் கண்ணாடி வழியே பார்த்ததுதான்.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடியக்கரையில் வெளிமானையும் தொலைவில் வரிசை கட்டி நின்ற பூநாரைகளையும் தோள்வலி இல்லாமல் எடுத்தேன். குஜராத்தின் சின்ன ரண் வரை கொண்டுபோனேன். கிட்டத்தட்ட 5,000 சதுர கி.மீ. காட்டுக்கழுதைச் சரணாலயம் அது, கண்ணுக்கெட்டியவரை வெடித்த களிமண் தரை. அங்கே 1200 மி.மீ. இருந்தும் வெயில் ஏறிவிட்டால் பயனில்லை. தரைச்சூட்டில் காற்று நெளிந்து, கழுதையின் கால்கள் நீரில் நிற்பதுபோல் கரைந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் இதுதான் நிலை. விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்தவைதான் தேறின. அவை உண்மையிலேயே நல்ல படங்கள்.

ஆனால் அந்தக் களிமண் தூள் ஜூம் குழாய்க்குள் புகுந்துவிட்டது. ஊர் திரும்பியதும் ‘லென்ஸ் பிழை’ என்று காட்டி, பாதி நீண்ட நிலையில் நின்றுபோனது. கம்பெனி சர்வீஸில் லென்ஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று, புதுக் கேமராவில் பாதி விலையைச் சொன்னார்கள். சென்னையில் ஒரு சந்துக்கடைக்காரர்தான் பிரித்துப் பார்த்தார். “சார், கியர்ல மண்ணு. இது ஒவ்வொரு தடவ தூங்கி எந்திரிக்கும்போதும் உள்ள வெளிய போய்ட்டு வருதுல்ல, அப்பல்லாம் தூசியச் சேத்து இழுத்துக்கும்.” சுத்தம் செய்து சரியாக்கிக் கொடுத்தார். எனக்குக் கோபம் இரட்டிப்பானது. குருவியைத் தவறவிட வைத்த அதே தூக்கம்தான் கேமராவையும் கெடுத்திருக்கிறது.

ஆகவே நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதீர்கள். மேலே இவ்வளவு புகழ்ந்த பிறகும் அதுதான் என் பதில். ரேனாக்ஸை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஃபில்டர் மரை பொருந்தும் லென்ஸோடு பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) ஏதாவது கிடைத்தால் அதில் மாட்டுங்கள், 55-250 மி.மீ. போன்ற சாதாரண ஜூமே போதும். நான் இதையே வைத்துக்கொள்வேன், அந்த மாமரத்தடிக்கு எனக்கு இது பழகிவிட்டது.

இல்லை, ஒரே பையில் எல்லாம் அடங்கியாக வேண்டும் என்றால், எந்த பிரிட்ஜ் கேமராவாக இருந்தாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஜூமை முழுதாக நீட்டி மேசையில் வைத்துவிட்டு, கடைக்காரரோடு பேசிக்கொண்டிருங்கள். அது தூங்கியதும் ஷட்டரைத் தொட்டு எழுப்புங்கள். விட்ட இடத்துக்கே லென்ஸ் தானாக வந்து நின்றால் என் பதிலை மறந்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.