ஓசூரில் விற்கும் தினசரி நாட்காட்டி: பங்குனி, சித்திரைத் தாள்களை முன்வைத்து ஒரு மதிப்புரை

ஓசூர் கடைவீதியில் உள்ள ஓர் எழுதுபொருள் கடையில் வாங்கிய 2025ஆம் ஆண்டுத் தினசரி நாட்காட்டியை எங்கள் லேத் பட்டறையின் அலுவலக அறையில் மாட்டி, அதைப் பார்த்தே விடுப்புப் பதிவேட்டை எழுதி வந்தேன். நாள்தோறும் கிழிக்கும் தாள்கட்டு சிவகாசியில் அச்சானது. அதைத் தாங்கும் அட்டையை உள்ளூரிலேயே அச்சிட்டு, முருகன் படத்தோடு கடையின் பெயரையும் போட்டு விற்கிறார்கள். விலை நூறு ரூபாயைச் சற்றே தாண்டும். ஆண்டு முழுவதையும் இங்கே மதிப்பிடப் போவதில்லை. மார்ச் நடுவிலிருந்து மே முதல் நாள் வரையிலான தாள்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் இந்த ஊரில், ஒரு நாட்காட்டி யாரையெல்லாம் நினைவில் வைத்து அச்சிடப்பட்டது என்பது அந்த வாரங்களில்தான் தெரிய வருகிறது.

ஒரு பட்டறைக்கு நாட்காட்டி இவ்வளவு முக்கியமாவதற்குச் சட்டமும் ஒரு காரணம். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958இன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் தொழிலாளர்களுக்கு ஊதியத்தோடு கூடிய விடுமுறை. அவற்றுக்கு மேல் பண்டிகைகளுக்கென்று ஐந்து நாட்கள் தர வேண்டும். எந்த ஐந்து நாட்கள் என்பதைத்தான் கலந்து பேசி முடிவு செய்கிறோம். பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி ஆகியவற்றைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இருப்பதில்லை. மீதமுள்ள இரண்டு இடங்களுக்கு யுகாதி, ரம்ஜான், தமிழ்ப் புத்தாண்டு, புனித வெள்ளி, ஊர்த் தேர் எல்லாம் வந்து நிற்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்யும் இளைஞர்கள் ஹோலியைக் கேட்கிறார்கள். இவை அத்தனையும் பெரும்பாலும் ஏழெட்டு வாரங்களுக்குள் வந்துவிடுவதால், விடுமுறையாக அமையாத நாளில் யார் விடுப்புக் கேட்பார்கள், எந்த இயந்திரம் ஆளின்றி நிற்கும் என்பதை முன்கூட்டியே அறிய நாட்காட்டியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். தேதி அறையின் மறுமுனையிலிருந்தும் தெளிவாகத் தெரிகிறது. தாள் மெல்லியதுதான் என்றாலும் கிழிக்கும்போது அடுத்த தாளை இழுத்துக்கொண்டு வருவதில்லை. திதி, நட்சத்திரம், யோகம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா என்பது வரை எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கின்றன. தமிழ் இந்துக் குடும்பம் ஒன்று இந்த நாட்காட்டியில் குறை காண்பது கடினம். பங்குனி உத்திரமான ஏப்ரல் 11ஆம் தேதித் தாளில் உத்திர நட்சத்திரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் கொடுத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். காவடி எடுப்பவர்களுக்கு அந்த நேரம் தேவைப்படுகிறது.

மார்ச் 30, 31 ஆகிய இரண்டு தாள்களில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மார்ச் 30 ஞாயிறு யுகாதி, மறுநாள் திங்கள் ரம்ஜான், அதற்கடுத்த செவ்வாய் வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். மூன்றும் அடுத்தடுத்து வந்தன. யுகாதித் தாளில், அரசு விடுமுறைப் பட்டியலில் உள்ள பெயரான ‘தெலுங்கு வருடப் பிறப்பு’ என்பதை ஒரே வரியில் போட்டு முடித்துக்கொண்டது நாட்காட்டி. ஓசூரில் கன்னடக் குடும்பங்களும் அதே நாளில்தான் மாவிலைத் தோரணம் கட்டி, வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து உண்டு, ஒப்பட்டு சுடுகின்றன. அவர்களுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அவர்களில் பலர் யுகாதிக்கு மறுநாளை ஒசதொடகு என்று கொண்டாடி அசைவம் சமைப்பதால், விடுப்பு விண்ணப்பங்கள் யுகாதியை விட மறுநாளுக்கே அதிகம் வருகின்றன. இதை உள்ளூர் நாட்காட்டி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அந்தத் தாளில் விடுபட்ட மற்றொரு செய்தியும் உண்டு. தெலுங்கர், கன்னடர், தமிழர் மூவரும் ஆண்டுகளுக்கு வழங்கும் அறுபது பெயர்களும் ஒன்றே. ஆனால், அவர்கள் சந்திரனைப் பின்பற்றிச் சைத்ர மாத வளர்பிறைப் பிரதமையில் ஆண்டைத் தொடங்க, நாம் சூரியன் மேஷத்தில் நுழைவதைக் கொண்டு தொடங்குகிறோம். அதனால் மார்ச் 30 அன்று பக்கத்து வீட்டில் விசுவாவசு ஆண்டு பிறந்துவிட்டபோதும், நம் வீட்டுச் சுவரில் ஏப்ரல் 13 வரை குரோதி ஆண்டே தொங்கிக்கொண்டிருந்தது. இந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024இல் யுகாதி ஏப்ரல் 9ஆம் தேதி வந்ததால் ஐந்து நாட்களே இருந்தன. ‘இன்று முதல் தெலுங்கு, கன்னட விசுவாவசு ஆண்டு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தாளின் அழகு கெட்டுவிடாது. அதைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுப் பண்டிகையின் கணக்கும் புரிந்திருக்கும்.

ரம்ஜான் தாளைப் பொறுத்தவரை தேதி சரியாகவே அமைந்தது. நம் நாட்டில் நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கி, 29ஆம் நோன்பின் மாலையிலேயே பிறை தென்பட்டதால், அச்சிட்டபடி மார்ச் 31 அன்று பெருநாள் வந்தது. எனினும், பிறை பார்த்து அரசு தலைமை காஜி அறிவிக்கும் நாளை, பல மாதங்களுக்கு முன்பே அச்சாகும் தாளில் எந்தக் குறிப்பும் இன்றி உறுதிபோலப் போட்டிருப்பது முறையல்ல. ‘பிறை தெரிவதைப் பொறுத்தது’ என்ற சிறு குறிப்பு இல்லாததால், எங்கள் பட்டறையில் பெருநாள் ஒருவேளை செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போகக்கூடும் என்பதைப் பிற தொழிலாளர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே நகர்வதையும் மேலட்டையின் பின்பக்கத்தில் ஓரிடத்தில் சொல்லியிருக்கலாம்.

இந்த நாட்காட்டியில் நான் கண்ட பெரிய பிழை ஏப்ரல் 10ஆம் தேதித் தாளில் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்து அரசு விடுமுறைப் பட்டியலில் மகாவீரர் ஜெயந்தி இருக்க, அன்றைய தாளில் அது இல்லை. கறுப்பு எழுத்தில் பிரதோஷம் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே திரயோதசியைக் கொண்டு அமைபவை. திதியை அவ்வளவு துல்லியமாகப் போடத் தெரிந்தவர்கள், அதே திதியில் வரும் சமணர்களின் பெருநாளை விட்டுவிட்டார்கள். தமிழகம் முழுவதும் அரசு விடுமுறையான ஒரு நாள், கிழிக்கும் தாளில் வேலை நாளாக நிற்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரல் 14ஆம் தேதித் தாள் நன்றாக அமைந்திருக்கிறது. தமிழ்ப் புத்தாண்டைத் தையிலா சித்திரையிலா கொண்டாடுவது என்பது 2008இல் ஒரு சட்டமாகவும் 2011இல் அதை நீக்கும் மற்றொரு சட்டமாகவும் ஆன வரலாறு நமக்கு உண்டு. அந்த விவாதத்துக்குள் போகாமல் சித்திரை முதல் நாள் என்று தெளிவாகக் குறித்திருக்கிறார்கள். டாக்டர் அம்பேத்கர் பிறந்தநாளும் அதே தாளில் இருக்கிறது, ஆனால் எழுத்து மிகவும் சிறியது. தமிழக அரசு 2022 முதல் அந்த நாளைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடித்து உறுதிமொழி எடுக்கச் செய்து வருவது அதில் குறிப்பிடப்படவில்லை. எங்கள் பட்டறையில் அம்பேத்கர் படத்துக்கு மாலையிட்டுவிட்டே மாங்காய்ப் பச்சடியைப் பரிமாறுகிறோம். அந்த இரண்டு செய்திகளும் தாளில் சம அளவில் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

புனித வெள்ளியும் ஈஸ்டரும் ஏப்ரல் 18, 20 என்று சரியாகவே குறிக்கப்பட்டுள்ளன. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்ற திருச்சபைக் கணக்கின்படி, அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். குருத்தோலை ஞாயிறும் பெரிய வியாழனும் மட்டும் விடுபட்டிருக்கின்றன. 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்துக்குள் அடங்கும் எலத்தகிரி போன்ற ஊர்களிலிருந்து வேலைக்கு வருபவர்கள் வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்கூட்டியே கிளம்ப அனுமதி கேட்பார்கள் என்பதால், அந்த வரியும் எங்களுக்கு வேண்டும்.

தாளின் மூலையில் சக ஆண்டுத் தேதியும் அச்சாகியிருப்பதைக் கவனித்தேன். மேகநாத சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957இல் நாடு ஏற்றுக்கொண்ட தேசிய நாட்காட்டி அது. அதன் ஆண்டுத் தொடக்கமான சைத்ர 1 சாதாரண ஆண்டுகளில் மார்ச் 22 அன்று வருகிறது. யாரும் அன்று தோரணம் கட்டுவதில்லை என்றாலும், நாடு முழுவதற்கும் பொதுவான அந்தத் தேதியைத் தவறாமல் போட்டிருப்பது அச்சிட்டவர்களின் பொறுப்பைக் காட்டுகிறது.

சிவகாசித் தாள்கட்டால் தர முடியாதது உள்ளூர்ச் செய்தி. மார்ச் மாதத்தில் நடைபெறும் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேரோட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டு, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிப்பது வழக்கம். பங்குனி தொடங்கி வைகாசி வரை கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கிராமங்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடந்து, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவடைகின்றன. படுகளத்தன்று அந்தந்த ஊர்க்காரர்கள் யாரும் வேலைக்கு வருவதில்லை. கர்நாடகத்தில் பொது விடுமுறையான பசவ ஜெயந்தி ஏப்ரல் 30 அன்று வந்தது. தாளில் அட்சய திருதியை மட்டும் இருந்ததால், பெங்களூரிலிருந்து இரும்பு வாங்குபவர்கள் அதைத் தாங்களே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஆடிப்பெருக்கையொட்டிச் சிவகாசியில் புதிய மாதிரிகள் வெளியானதும் கடைகள் கொள்முதல் ஆணை கொடுத்துவிடுகின்றன என்றும், அரசின் விடுமுறைப் பட்டியல் அதற்குப் பிறகே வருகிறது என்றும், தன்னைப் போன்ற சிறு கடைகளுக்காகத் தாள்களில் வரி மாற்ற மாட்டார்கள் என்றும் விளக்கினார். அது நியாயமான பதில்தான். ஆயினும் அட்டை உள்ளூரில் அச்சாவதால், அதன் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் பிடித்திருக்கும் இடத்தில் தேர், ஒசதொடகு, பசவ ஜெயந்தி, பெரிய வியாழன் ஆகியவற்றைப் போட எந்தத் தடையும் இல்லை. முயன்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு இந்த நாட்காட்டியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பல மொழியினரும் பல சமயத்தினரும் சேர்ந்து வேலை செய்யும் இடங்களுக்கு வாங்குபவர்கள், அரசு விடுமுறைப் பட்டியலையும் கர்நாடக விடுமுறைப் பட்டியலையும் அச்செடுத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வது நல்லது. 2026 நாட்காட்டிகள் இப்போது கடைகளுக்கு வந்துவிட்டன. பணம் கொடுப்பதற்கு முன் மார்ச் 19, மார்ச் 31, ஏப்ரல் 3 ஆகிய தாள்களைப் புரட்டி, யுகாதி, மகாவீரர் ஜெயந்தி, புனித வெள்ளி மூன்றும் அவற்றில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.