களிமண் கொல்லைக்கு எது கைகொடுக்கும்: மணலா, ஜிப்சமா, எருவா, மேட்டுப்பாத்தியா?

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், டெல்டா பக்கத்துக் கொல்லைகளில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். நெல்லுக்கு ஏற்ற அதே களிமண்தான் தக்காளிக்கும் பப்பாளிக்கும் எமன். மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. பப்பாளி இரண்டு நாள் தாங்கினாலே அதிகம். எங்கள் கொல்லையில் காய் பிடித்து நின்ற மரம் அப்படித்தான் மஞ்சளாகிச் சாய்ந்தது. அப்புறம்தான் ஆளுக்கொன்றாகச் சொல்லும் வழிகளை எடைபோட ஆரம்பித்தேன்.

எல்லோரும் முதலில் சொல்வது மணல். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சமாகக் கலந்தால் மணலின் இடுக்குகளில் களி புகுந்து அடைத்து, காய்ந்ததும் முன்பைவிட இறுகிவிடும். பலன் தெரிய ஏறக்குறைய பாதிக்குப் பாதி மணல் வேண்டும். 10க்கு 10 அடிப் பாத்தியில் ஓர் அடி ஆழத்துக்கு 100 கன அடி வருகிறது. அதில் பாதி என்றால் அரை யூனிட் மணல். தொட்டிச் செடிக்குச் சரி, கொல்லைக்குக் கட்டுப்படியாகாது.

ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட் தூள் எல்லாக் களிமண்ணுக்கும் மருந்தல்ல. சோடியம் மிகுந்த களர் மண்ணில் மட்டுமே அது வேலை செய்யும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். களித் துகள்கள் திரண்டு மண் பொலபொலப்பாகும். காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் கலக்காமல் போட்டு வையுங்கள். சுற்றிலும் பால்போலக் கலங்கி, மறுநாளும் தெளியாமல் இருந்தால் மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்து ஜிப்சம் வாங்கலாம். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அந்தக் காசுக்கு எரு வாங்குங்கள். ஒன்று, களர் மண்ணிலும் வெளியேறிய சோடியம் தண்ணீரோடு வடிந்து போக வழி இருந்தால்தான் பலன்.

எருவும் மட்கிய இலைதழையும்தான் மண்ணின் குணத்தையே மாற்றுபவை. மண்புழுவும் நுண்ணுயிர்களும் களியைச் சிறு சிறு உருண்டைகளாகத் திரட்டிக் காற்றுக்கு வழி விடுகின்றன. ஆண்டுக்கு இரண்டு அங்குலக் கனம் பரப்பினால் 100 சதுர அடிக்கு 17 கன அடி போதும். நம் வெயிலில் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். மண்வெட்டி சுலபமாக இறங்க இரண்டு மூன்று ஆண்டு பொறுக்கத்தான் வேண்டும். தென்னை நார்க்கழிவை எருவுக்குப் பதிலாக அள்ளிக் கொட்டாதீர்கள். அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். ஈரம் வடியாத மண்ணுக்கு அது பாரம். இடம் சும்மா கிடந்தால் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் தண்டு முற்றுவதற்குள் மடக்கி உழலாம். ஈரத்துக்கு அஞ்சாத செடி அது.

இந்த மழைக்கே செடி பிழைக்க வேண்டுமா? மேட்டுப்பாத்திதான். மூன்றடி அகலம், ஓரடி உயரம். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே எருவோடு கலந்து மேலே ஏற்றினால் மண் வாங்கும் செலவே இல்லை. வாய்க்கால் சரிவாக ஒரு வடிகாலில் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பாத்தியைச் சுற்றிக் குட்டைதான் மிஞ்சும். மேட்டில் மிளகாய், தக்காளி, முருங்கை. வாய்க்கால் ஓரத்தில் சேம்பு, கல்வாழை. கோடையில் மேடு சீக்கிரம் காயும் என்பது ஒரு குறை. வைக்கோல் மூடாக்கு போட்டால் சமாளிக்கலாம். வெட்டு வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகும் ஈரத்தில் வெட்டினால் களி செங்கல்லாக இறுகிவிடும்.

என் முடிவு இதுதான்: முதலாண்டு மேடும் வடிகாலும், அதன் மேல் வருடாவருடம் எரு. கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று கிடைத்தால் வாங்கி நடுங்கள். கத்தரி வேர் தக்காளி வேரைவிட ஈரம் தாங்கும்.

மழை விட்டதும் பாத்தியை மிதிக்காதீர்கள். தண்ணீரை வடித்துவிட்டு, மேல்மண் உலர்ந்ததும் லேசாகக் கிளறிவிடுங்கள். தேங்கிய நீரில் தழைச்சத்து வீணாகி இலை வெளிறும். வேரும் சத்தை உறிஞ்சும் நிலையில் இருக்காது. 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் செடி தேறும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி நின்றால் பதறித் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்; அது வேருக்குக் காற்றில்லாத வாட்டம்.